நடுவீட்டு உத்திரம்

என் மகள் தேவகிக்கு,

நேற்று நான் கொடுத்த தந்தி இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். 'புறப்பட வேண்டாம், கடிதம் வருகிறது' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுத எனக்கு வாய்க்கவில்லை. தபாலாபீஸில் இருந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வார்த்தை போடலாம் சார்" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பொருத்தமான இரண்டு வார்த்தை கிடைக்கவில்லை. தந்தியைப் பார்த்து நீ என்னவெல்லாம் நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். யாரும் சாகவில்லை. முதலில் உட்கார். நிறைமாதத்தில் நின்றுகொண்டே படிக்காதே. அம்மா உயிரோடு இருக்கிறாள். ஆனால் கடைசியாக நான் போட்ட இரண்டு கடிதங்களிலும் எழுதியது பொய்.

அம்மா தாமலில் சித்தி வீட்டுக்கு அறுப்புக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் கடிதத்தின் கீழே அவள் கையால் வழக்கமான நாலு வரி இல்லை என்று எழுதினேன். கார்த்திகையில் ஏது அறுப்பு என்று உனக்குத் தோன்றியிருக்கும். நீ கேட்கவில்லை. அப்பா ஒன்று சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று உன்னை வளர்த்தவன் நான். அம்மா தாமலில் இருப்பது நிஜம்தான். வலது தொடையில் மாவுக்கட்டோடு, சித்தி வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்னும் மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு நடு அறையின் உத்திரம் அவள்மேல் விழுந்தது. அது ஏன் விழுந்தது என்பதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றித்தான் சொல்வார்கள்.

இந்த வீட்டை வாங்கியபோது உனக்கு ஏழு வயது. விற்றவர் தெலுங்கு பேசும் நெசவுக்காரர். சாவியைக் கையில் கொடுத்த பிறகு என்னை மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே சுவரின் அடியோடு அடியாக, வெளிப்பக்கம் சரிந்தாற்போல் கருங்கல் பலகைகள் பதித்திருந்தன. ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினார். "இத மட்டும் எப்பவும் எடுத்துராதீங்க சார். சுவத்தாண்ட தண்ணி நின்னா மொதல்ல பட்டு கெடும், அப்பால வீடு கெடும்" என்றார். பட்டு கெட்டால் எனக்கென்ன, நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன்.

உன் கல்யாணம் நடந்த வைகாசிக்கு முன்னால் எனக்குப் பிடித்த பைத்தியம் உனக்கு நினைவிருக்கும். திருச்சியிலிருந்து ரயில்வே உத்தியோகக்காரர்கள் வந்து நம் வீட்டில் தங்கப் போகிறார்கள், அவர்கள் கிணற்றடியில் நின்று குளிப்பதா என்று எனக்கு ஒரே வெட்கம். சுவரை ஒட்டிக் குளியலறை கட்டினேன். இடம் போதவில்லை என்று அந்தக் கருங்கல் பலகைகளைப் பெயர்த்து எடுக்கச் சொன்னேன். சிமெண்ட் என்றால் ஊரே பர்மிட்டுக்கு அலைந்த காலம். நானோ பர்மிட் மனுக்கள் வந்து விழும் மேஜைக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தவன். எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. குளியலறைக்குப் போக மீதியிருந்த மூட்டைகளைப் பார்த்ததும் ஆசை அடங்கவில்லை. கூடத்திலும் நடுவீட்டிலும் மேற்குச் சுவரின் அடியில் லேசாக உப்புப் பூத்திருந்தது இல்லையா, அந்தப் பழைய சுண்ணாம்புக் காரையை முழுக்கக் கொத்தித் தள்ளிவிட்டு, தரையிலிருந்து கூரை வரை சிமெண்டால் பூசச் சொன்னேன். உத்திரங்களுக்கு நீல எனாமல் பெயிண்ட். உன் மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடு கண்ணாடியாட்டம் இருக்கே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ஆபீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

நீ புகுந்த வீடு போன பிறகு வந்த முதல் ஐப்பசி மழையில் கூடத்து ஜன்னல் சாத்த வரவில்லை. ஏனாத்தூரிலிருந்து தச்சர் ஒருவரை வரவழைத்தேன். அருளப்பன் என்று பெயர். என் வயதிருக்கும். அவருடைய அப்பா எங்கள் பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஜன்னலை இழைத்துச் சரிசெய்துவிட்டு மேலே பார்த்தார். ஏணி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்ததைக் கட்டை விரலால் அழுத்தினார். பையிலிருந்து குத்தூசியை எடுத்துக் குத்தினார். இரண்டு விரற்கடை ஆழம் உள்ளே போயிற்று.

"சார், நடுவீட்டையும் ஒரு தபா பாத்துட்றேன். குளிக்கிற ரூமு அந்தச் சுவத்துக்குப் பின்னாலதானே இருக்குது? அங்கதான் ஜாஸ்தி இருக்கும்" என்றார்.

நான் போய் நடுவீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டேன். "அங்க சாமி மாடம் இருக்குதுபா. வேணாம்" என்றேன்.

தேவகி, அதட்டவில்லை, திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அதுவே மரியாதை என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். குத்தூசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியும் விட்டுப் போகாமல் கூடத்தில் நின்றபடியே சொன்னார். "கீழ இருந்து சுவத்துல ஓதம் ஏறிக்கினு இருக்குது சார். முன்ன சுண்ணாம்புக் காரை இருந்தது, ஏறுன ஈரம் வெயில் காலத்துல அப்படியே காஞ்சு போய்டும். இப்ப சிமிட்டி போட்டு மூடிட்டீங்க. தண்ணி எங்க போவும்? மேல மேல ஏறி மரத்தோட தலையப் புடிக்கும். தலை சுவத்துக்குள்ள பொதைஞ்சிருக்குது, வெளிய பெயிண்டு. உள்ளயே உளுத்துடும். சிமிட்டியக் கொத்திட்டு, குளிக்கிற ரூமைத் தள்ளி வெச்சிடுங்க. ரெண்டு கோடை காஞ்சா பொழைச்சிக்கும்."

புதுப் பெயிண்டின் வாசனைகூடப் போகாத வீட்டில் நின்றுகொண்டு ஒருவன் அதைக் கொத்தச் சொல்கிறான் என்று எனக்குக் கோபம். "வேலை வேணும்னா நேரா கேளு. வீட்டுக்குக் குத்தம் சொல்லாத" என்றேன். அவர் ஏணியைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "உள்ள வந்து பாத்தா மட்டும் என்னங்க ஆயிடப் போவுது?" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவளிடம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் உன் தலை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்று, "அப்பா, நடுவீட்ல பூசண வாசனை அடிக்குதுபா" என்று சொன்னாய். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக்கூட நினைக்காமல், "ஆறு மாசம் திருச்சியில இருந்துட்டு வந்தா நம்ம வீடு நாறுதா?" என்று கத்தினேன். உன் கண் நிறைந்தது. இலையில் வைத்ததைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு வந்த எந்தத் தடவையும் நீ அந்த வாசனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாசனை போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். போகவில்லை. எனக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேர் என்னிடம் உண்மையைச் சொன்னீர்கள். ஒருவரை நிலைப்படியோடு திருப்பி அனுப்பினேன், இன்னொருவரை அழ வைத்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ பிரசவத்துக்கு வரப்போகிறாய் என்று உன் அம்மா இந்தக் கார்த்திகை பிறந்ததுமே நடுவீட்டைக் காலி செய்து மெழுகித் துடைக்கத் தொடங்கிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தன் பழைய நூல் புடவையை நாலாக மடித்து உத்திரத்து வளையத்தில் தூளி கட்டினாள். நான் கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்தேன். "புள்ளயப் போடறதுக்கு முன்ன கல்லப் போட்டு ஆட்டணுங்க. தாங்குதா பாக்கறேன்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கித் தூளியில் வைத்தாள். நாலு தடவை ஆட்டியிருப்பாள். ஏதோ பாடவும் தொடங்கினாள்.

மரம் முறிந்தால் படீரென்று சத்தம் கேட்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உளுத்த மரம் சத்தம் போடாது, தேவகி. ஈரச் சாக்கு மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதற்குப் பிறகு செங்கல் விழுந்தது. அதற்கும் பிறகுதான் அவள் கத்தினாள். முகத்தில் சோப்போடு ஓடினேன். அறை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. உத்திரத்தின் மேற்குத் தலை சுவரிலிருந்து கழன்று இறங்கி அவள் தொடையில் கிடந்தது. தூளி அவள் கையில் சுற்றியிருந்தது. எதிர் வீட்டில் தறியடித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்காவிட்டால், என் ஒருவனால் அந்த மரத்தை அசைத்திருக்க முடியாது. அவளை வண்டியில் ஏற்றியபோது, "தேவகிக்கு எழுதாதீங்க, பயந்துடுவா" என்றாள். அந்த வார்த்தையைக் காரணமாக வைத்துக்கொண்டு இத்தனை நாள் நான் ஒளிந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த மரத்தின் தலையைப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் தோல் மாதிரி முழுசாக இருந்தது. உள்ளே மரமே இல்லை. காப்பித் தூள் நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. கையை விட்டுத் தோண்டினேன், முழங்கை வரை போயிற்று. அந்த இடத்துக்கு நேர்கீழேதான் உனக்குப் பாய் விரிப்பதாக இருந்தோம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏனாத்தூருக்குப் போனேன். அருளப்பன் வீட்டு வாசலில் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வாங்க சார்" என்றார். உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார், அதை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

வீட்டுக்கு வந்து கூடத்தைத் தாண்டி நடந்தேன். நிலைப்படி அருகே அவர் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பையைத் தோளில் மாட்டியபடி வெளியே நின்றுகொண்டு, "உள்ள போலாமா சார்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அனுமதிதான் கேட்டார். "வாங்க" என்றேன். அவரை 'வாங்க' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு உன் அம்மாவின் தொடை எலும்பு முறிய வேண்டியிருந்தது.

அவர் ஒவ்வொரு உத்திரமாகக் குத்திப் பார்த்தார். ஆறில் நாலின் தலை போய்விட்டது. சிமெண்டைக் கொத்தியபோது உள்ளே செங்கல் ஈர மாவு போல இருந்தது. அவர் சொன்ன வைத்தியம் இது. முதலில் எல்லா உத்திரத்துக்கும் சவுக்கு மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். குளியலறையை இடித்துத் தண்ணீரைத் தூரத் தள்ள வேண்டும். சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைச் சும்மா விட வேண்டும், பங்குனி சித்திரை வெயிலில் அது தானாகக் காய வேண்டும். அவசரப்பட்டு நெருப்பு மூட்டிக் காய வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே நிற்கும். அதற்குப் பிறகே உளுத்த பாகத்தை, கெட்டி மரம் தட்டுப்படும் வரை அறுத்துத் தள்ளிவிட்டுப் புதுத் தேக்கு ஒட்டுப் போட்டு, அடியில் கல் தாங்கி வைத்து, மரத்தின் தலையைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டு, மறுபடியும் சுண்ணாம்பால் பூச வேண்டும். "வைகாசிக்கு முன்ன வீடு ஆவாது சார்" என்றார்.

நான் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "தை மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம். வெறும் முட்டு குடுத்து ரெண்டு மாசம் தள்ள முடியாதா? கூடத்துல படுக்க வெக்கறேன்" என்றேன்.

அவர் சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "முட்டு நிக்கும் சார். சுவரு நிக்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஈரச் சுவரு. பச்ச ஒடம்புக்காரியும் கொழந்தையும் இந்தக் காத்துல படுத்தாலே நெஞ்சுல சளி கட்டிக்கும். எம் பொண்ணா இருந்தா அனுப்ப மாட்டேன்" என்றார்.

உன் மாமனாருக்கு அன்றைக்கே எழுதினேன். ஆனால் அதிலும் என் புத்தி போகவில்லை. வீட்டில் கொஞ்சம் ரிப்பேர் வேலை நடக்கிறது, பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பூசி மெழுகினேன். அவர் பதில் எழுதினார். தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாதவர்கள் கண்ணாடி மாதிரி வீட்டைக் காட்டிப் பெண் கொடுத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை நாள் நன்றாயிருக்கிறது, கொண்டுவந்து விடுகிறோம் என்று. அதைப் படித்ததும்தான் தபாலாபீஸுக்கு ஓடினேன்.

ஆகவே வராதே, அம்மா. உன் அப்பன் உன் காலில் விழுந்து சொல்வதாக வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறாதே. அவர்கள் பெட்டியைக் கட்டினால் அவிழ்த்து வை. தாய் வீடு இருந்தும் போகாதவள் என்று நாலு பேர் பேசினால் பேசட்டும். அம்மா படுத்த படுக்கையிலிருந்து, "வரட்டும், நான் படுத்துக்கினே பாத்துக்கறேன்" என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லி அனுப்பினாலும் கேட்காதே. தாமலில் அந்த ஒற்றை அறையில் உனக்கு இடமும் இல்லை, அவசரத்துக்கு டாக்டரும் இல்லை. திருச்சியில் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. ஒரு வரியும் மறைக்காதே.

குளியலறை எனக்காகத்தானே கட்டினீர்கள் என்று உன் மனம் போகும். போக விடாதே. நீ குளியலறை கேட்கவில்லை. நான் என் பெருமைக்குக் கட்டினேன். நாளைக்கு நீ எந்த வீட்டில் குடியிருந்தாலும் கட்டிலுக்குப் பின்னால் சுவரின் அடியைக் கையால் தொட்டுப் பார். பெயிண்ட் கொப்பளித்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசாதே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடு. ஏதாவது வாசனை வந்தால் சொல். சொன்னதற்கு யாராவது கத்தினால் மறுபடியும் சொல். நான் கத்திய அன்றைக்கு நீ இரண்டாம் தடவையும் சொல்லியிருக்கக் கூடாதா என்று என் மனம் ஒரு நாள் உன்மேலேயே பழி போடப் பார்த்தது. அவ்வளவு கீழே இறங்கிவிட்டேன். அதையும் தெரிந்துகொள்.

அம்மாவைச் சித்தி பார்த்துக்கொள்கிறாள். அருளப்பன் முட்டுக் கொடுத்துவிட்டார். சாவியை அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். ஆபீஸில் இரண்டு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமைக் காலையில் கிளம்பி மாலைக்குள் அங்கே வந்து சேருவேன். பிரசவ மருந்துக்கு என்னென்ன எந்த அளவில் இடிக்க வேண்டும் என்று அம்மா படுத்தபடியே சொல்லச் சொல்ல, நேற்று தந்தி கொடுத்த கையோடு தாமலுக்குப் போய் இரவு வரை உட்கார்ந்து இடித்தேன். சுக்கு கொஞ்சம் கூடிவிட்டது என்றாள். பத்தியம் சமைக்க எழுதி வாங்கிக்கொண்டேன். துணி துவைக்க எனக்குத் தெரியும். தாய் செய்ய வேண்டியதை ஓர் ஆண் செய்வதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஒரு பாய் போட இடம் கிடைத்தால் போதும்.

அதற்கு முன்னால் உன் மாமனார் எதிரே உட்கார்ந்து இதில் எழுதிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நிலைப்படியில் அருளப்பனை நிறுத்தியது உட்பட. அவர் கத்துவார். கத்தட்டும். நீ அறையை விட்டு எழுந்து வராதே. எனக்காகப் பரிந்து பேசாதே. கதவைச் சாத்திக்கொண்டு இடது பக்கமாகப் படுத்துக்கொள்.

உன் அப்பா